‘கேன்’ என்றால் ‘முடியும்’ மட்டும்தானா?

வணக்கம்! ‘ஐ கேன் ஸ்விம்.’ இதைத் தமிழில் சொல்லுங்கள் பார்க்கலாம். ‘என்னால் நீந்த முடியும்’ என்றுதானே சொன்னீர்கள்? புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் வலை உலர்த்தும் ஒரு பையனைக் கேட்டால், ‘நீந்தத் தெரியும்’ என்பான். கடல் கொந்தளிக்கும் நாளில், ‘தெரியும், ஆனால் இன்று முடியாது’ என்பான். அவனுடைய அம்மா குறுக்கே வந்து, ‘இன்றைக்கு நீந்தக் கூடாது’ என்பார். தெரியும், முடியும், கூடாது என்று நாம் பிரித்துப் பேசும் மூன்றுக்கும் ஆங்கிலத்துக்குக் கேன் ஒன்றே போதும்!

இலக்கணத்தை விரைவாக முடித்துவிடுவோம். கேன் ஒரு துணைவினை. ‘ஹி கேன்ஸ்’ கிடையாது, ‘வில் கேன்’ கிடையாது. எதிர்காலத்துக்கு ‘வில் பி ஏபிள் டு’.

இனி நான் ஆசையாகக் காத்திருந்த பகுதி. நம் ஊரில் பிரெஞ்சு படித்தவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள்: நீந்தத் தெரியும் என்பதற்கு ‘ஜ சே நஜே’ என்பார்கள். ‘சவ்வார்’ என்றால் அறிதல், அதிலிருந்து வருவதுதான் அந்த ‘சே’. உடம்புக்கோ சூழலுக்கோ முடிகிறதா என்பதற்குப் ‘பூவ்வார்’ என்று வேறு வினை. தமிழ் போலவே பிரெஞ்சும் பிரித்துவைத்திருக்கிறது! ஆங்கிலம் மட்டும் ஏன் இப்படி? பழைய ஆங்கிலத்தில் கேனின் மூலமான ‘குன்னன்’ என்ற வினைக்கு ‘அறிதல்’ என்றுதான் பொருள். அறிந்தவன் செய்வான் அல்லவா, அப்படியே ‘முடியும்’ என்ற பொருள் வளர்ந்துவிட்டது. ‘அறி’ என்று பொருள்படும் ‘நோ’ (know) என்ற வினையும் இதற்கு உறவு. இன்னும் கேளுங்கள்: நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ‘ஞானம்’கூட அதே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்ததுதான். கேனும் ஞானமும் ஒரே குடும்பம்! இதைவிட அழகான செய்தி எனக்குக் கிடைக்கவில்லை.

கேனின் இறந்தகால வடிவமான ‘குட்’ (could) என்பதன் எழுத்துகளில் ஓர் ‘எல்’ ஒலிக்காமல் நிற்கிறதே, அது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ‘வுட்’, ‘ஷுட்’ இரண்டிலும் இருப்பதைப் பார்த்து இதிலும் சேர்த்துவிட்டார்கள்.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ‘நேற்று ஓடிப்போய்க் கடலூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்’ என்பதற்கு ‘ஐ குட் கேட்ச் தி பஸ்’ சரியல்ல. ஒருமுறை நடந்தேறிய காரியத்துக்கு ‘வாஸ் ஏபிள் டு’ வேண்டும். சிறுவயதில் மரம் ஏறத் தெரியும் என்பது போன்ற பொதுத் திறமைக்குத்தான் ‘குட்’. பிடிக்க முடியவில்லை என்றால் ‘குடண்ட்’ தாராளமாக வரும்.

இப்போது உங்கள் முறை: ‘எனக்குப் பாடத் தெரியும், ஆனால் தொண்டை கட்டியிருப்பதால் இன்று பாட முடியாது.’ ஆங்கிலத்தில் எழுதிக் கருத்துப் பகுதியில் போடுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.