48 பைட்டுக்குள் அடங்காத பொட்டலம்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று மிகச் சிறிய ஒரு செய்தியைப் பின்தொடர்ந்து போகலாம். உங்கள் கணினி ஒரு கோப்பை இறக்கிக்கொண்டிருக்கும்போது, 'வந்து சேர்ந்தது' என்று எதிர்முனைக்கு அவ்வப்போது ஒப்புகை அனுப்புகிறது. அதில் உள்ளடக்கம் என்று எதுவும் கிடையாது. அனுப்புநர், பெறுநர் முகவரிகளைச் சொல்லும் ஐ.பி. தலைப்பு 20 பைட், எதுவரை வந்தது என்று சொல்லும் டி.சி.பி. தலைப்பு 20 பைட்; ஆக 40 பைட் பொட்டலம். இதே ஒப்புகை ஏ.டி.எம். வலையமைப்பைக் கடக்கும்போது கம்பியில் 106 பைட்டாகப் போகக்கூடும்.

நான் சொல்வது பணம் எடுக்கும் ஏ.டி.எம். அல்ல. மூன்றெழுத்துப் பொருத்தத்தைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. அசிங்க்ரனஸ் டிரான்ஸ்ஃபர் மோட் என்ற தகவல்தொடர்பு முறை இது. தொலைபேசிக் கம்பியில் இணையம் தந்த ஏ.டி.எஸ்.எல். இணைப்புகள் பலவற்றின் அடியில் சத்தமில்லாமல் ஓடியது இதுதான்.

40 எப்படி 106 ஆயிற்று? ஏ.டி.எம். எதையும் 53 பைட் துண்டுகளாகவே சுமக்கும். துண்டுக்கு 'செல்' என்று பெயர். 5 பைட் தலைப்பு, 48 பைட் சரக்கு. நம் ஒப்புகையின் முன்னால், உள்ளே இருப்பது எந்த வகைப் பொட்டலம் என்று சொல்லும் 8 பைட் வழக்கமாக ஒட்டிக்கொள்கிறது. 48 ஆகிவிட்டது, முதல் செல் நிரம்பிவிட்டது. ஆனால் நீளத்தையும் பிழை காணும் எண்ணையும் தாங்கிய 8 பைட் வால் இன்னும் பாக்கி. அதற்காக இன்னொரு செல் புறப்படுகிறது. அதில் 40 பைட் வெற்று நிரப்பு, கடைசியில் அந்த வால். அனுப்ப நினைத்த செய்தியில் ஒரு பைட்கூட அந்த இரண்டாவது செல்லில் இல்லை! முன்னால் ஒட்டும் அந்த 8 பைட்டைத் தவிர்க்கும் முறையும் உண்டு. அப்போது ஒரே செல்லில் கச்சிதமாக முடிந்துவிடும்.

பெரிய பொட்டலத்துக்கு இவ்வளவு மோசமில்லை. உள்ளூர் வலையமைப்புகளில் பயன்படும் ஈதர்நெட்டின் வழக்கமான உச்சவரம்பான 1500 பைட், 32 செல்களாகிறது; கம்பியில் 1696 பைட். நூற்றுக்கு 88தான் சரக்கு. இப்படி ஓடிய ஏ.டி.எஸ்.எல். இணைப்பில், மோடம் காட்டும் வேகத்தைக் கோப்பிறக்கம் ஒருநாளும் எட்டாததற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது.

48 என்ற எண் எங்கிருந்து வந்தது? கணினிக்காரர்கள் யாரும் 48 கேட்டிருக்க மாட்டார்கள். 1980களின் இறுதியில், பன்னாட்டுத் தொலைபேசித் தரங்களை வகுத்த சி.சி.ஐ.டி.டி. குழுவில் அமெரிக்கத் தரப்பு 64 கேட்டது, ஐரோப்பியத் தரப்பு 32 கேட்டது. தொலைபேசிக் குரல் நொடிக்கு 8000 பைட்டாக வருகிறது. 32 பைட் சேர 4 மில்லிநொடி, 64 பைட் சேர 8 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். தாமதம் கூடினால் பேசியவர் காதிலேயே அவர் குரல் எதிரொலிக்கும். பிரான்ஸ் அளவுள்ள நாட்டில் 32 பைட் என்றால் எதிரொலி நீக்கும் கருவிகள் இல்லாமலே சமாளிக்கலாம். பரந்த அமெரிக்காவிலோ அவை ஏற்கெனவே தேவைப்பட்டன. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினார்கள். பேரம் என்ற வகையில் நியாயமான பேரம்தான். பொறியியல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெட்டுவது எளிய வேலை. எங்கே வெட்டினோம் என்று மறுமுனைக்குத் தெரிவிப்பதில்தான் சிக்கல். ஐ.பி. பொட்டலங்களைச் சுமக்கப் பெரும்பாலும் பயன்படும் ஏ.ஏ.எல். 5 முறையில் செல்களுக்கு வரிசை எண் கிடையாது. 'நானே கடைசி' என்று சொல்ல, கடைசிச் செல்லின் தலைப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருக்கும், அவ்வளவே. நடுவில் ஒரு செல் தொலைந்தால் நீளமும் பிழை எண்ணும் பொருந்தாமல் போகும். மீதி 31 செல்களும் வந்திருந்தாலும் முழுப் பொட்டலமும் குப்பைக்குத்தான். தொலைந்தது கடைசிச் செல்லாக இருந்தாலோ எல்லையே தெரியாமல் போய்விடும். அடுத்த பொட்டலத்தையும் இதனுடன் சேர்த்து ஒட்டி, மறுமுனை இரண்டையும் வீசிவிடும்.

இதனால், வழியில் செல்களைப் பிரித்தனுப்பும் நல்ல சுவிட்சுகள் ஒரு தந்திரம் செய்கின்றன. நெரிசலில் ஒரு செல்லைக் கைவிட நேர்ந்தால், எப்படியும் பயனற்றுப்போன மீதிச் செல்களையும் கைவிடுகின்றன. கடைசிச் செல்லை மட்டும் போகவிடுகின்றன. சரக்குக்காக அல்ல, எல்லைக்கல்லாக.

வெட்டி ஒட்டினால் மட்டும் தீராத மாற்றங்களும் உண்டு. ஒரு வகைத் தொலைபேசி இணைப்பிலிருந்து இன்னொரு வகைக்குக் குரலை மாற்றுவது அப்படி. வட அமெரிக்காவின் டி1 இணைப்பு 24 குரல் தடங்களை நொடிக்கு 15,44,000 பிட்டில் சுமக்கிறது. ஐரோப்பிய முறையான இ1 30 குரல் தடங்களை 20,48,000 பிட்டில் சுமக்கிறது. தடங்களை மாற்றி அடுக்கினால் போதாது. குரலை எண்ணாக்கும் விதியே வட அமெரிக்காவில் மியூ, ஐரோப்பாவில் ஏ என்று வேறுவேறு. ஒவ்வொரு பைட்டையும் மாற்றி எழுத வேண்டும். யார் எழுதுவது? மியூ விதி நாடுகள்தான் என்று பன்னாட்டுத் தரமே பொறுப்பைச் சுமத்திவிட்டது. பழைய டி1 தடங்களில் இன்னொரு குறும்பும் நடந்தது. தடத்துக்கு ஒரு பைட்டாகச் சேர்ந்த தொகுப்புக்குச் சட்டகம் என்று பெயர். அழைப்பு பற்றிய சைகைகளை அனுப்ப, ஒவ்வொரு ஆறாவது சட்டகத்திலும் குரலின் கடைசி பிட்டை எடுத்துக்கொண்டார்கள். காதுக்குத் தெரியாது. ஆனால் அதே தடத்தில் கணினித் தரவு போனால், எந்தச் சட்டகத்தில் பிட் பறிபோனது என்று அதற்குத் தெரிய வழியில்லை. கடைசி பிட்டை எல்லாச் சட்டகத்திலும் விட்டுவிடுவதே பாதுகாப்பு. 64 கிலோபிட் தடம் 56 ஆனது இப்படித்தான்.

கடைசியாக ஒன்று. ஏ.டி.எம். செல்களை ஒளியிழையில் தரவு சுமக்கும் எஸ்.டி.எச். முறையின் அடிப்படைச் சட்டகத்தில் ஏற்றும்போது ஒரு சட்டகத்தில் 2340 பைட் இடம் கிடைக்கிறது. 53ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வரும். ஆகவே செல்கள் ஒரு சட்டகத்தில் தொடங்கி அடுத்ததில் முடிகின்றன. பெறும் கருவி தொடக்கத்தை எப்படி அறிகிறது? செல் தலைப்பின் ஐந்தாவது பைட், முந்தைய நான்கிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. கருவி ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து, எந்த ஐந்தில் அந்தக் கணக்கு சரியாக வருகிறது என்று தேடுகிறது. ஒருமுறை பொருந்தினால் நம்புவதில்லை; தற்செயலாகவும் பொருந்தலாம் அல்லவா? 53 பைட் தள்ளித் தள்ளி, அடுத்து ஆறு முறை தொடர்ந்து பொருந்தினால்தான் எல்லையை ஏற்றுக்கொள்கிறது. பிறகு ஏழு முறை தொடர்ந்து தவறினால், மறுபடி ஒவ்வொரு பைட்டாகத் தேடத் தொடங்கிவிடுகிறது.

வணக்கம்.