இழுத்துச் செல்லப்பட்ட காரும் பதவி பறிபோன காவல்துறைத் தலைவரும்

வணக்கம். கறிவேப்பிலைச் செடிக்கு உரம் வைப்பது எப்படி என்று இன்றைக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். முதலில் இதைப் பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். மஞ்சள் தாள், ஓரத்தில் எண்ணெய்க் கறை, அடியில் வட்டமிட்ட தொகை 436 டாலர். என் காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என் ரசீது டின் உங்களுக்குத் தெரியும். இந்தச் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்குக் குடிவந்த நாளிலிருந்து ஒரு ரசீதையும் நான் தூக்கிப் போட்டதில்லை. பல் வைத்தியத்துக்குக் கட்டியது, கூரை ஒழுகியபோது கட்டியது என்று இதைவிடப் பெரிய தொகைகள் அதற்குள் கிடக்கின்றன. ஆனால் இந்த மஞ்சள் தாளைப் போல எதுவும் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஒரு கடைத்தொகுதியில் காரை நிறுத்தி மளிகை வாங்கினேன். பையை டிக்கியில் வைத்துவிட்டு, சாலையைக் கடந்து எதிரே இருக்கும் தையல் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் காரைக் காணவில்லை. வளாகத்தை விட்டு வெளியே போகிறவர்களின் கார் இழுக்கப்படும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆகவே இழுவைக் கட்டணம் 268 டாலரைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. அடுத்த வரியைப் படிக்கிறேன், கேளுங்கள்: காரை வைத்திருந்த வாடகை, இரண்டு நாள், நாளுக்கு 84 டாலர், மொத்தம் 168. இரவு எட்டரைக்கு இழுத்த காரைக் காலை ஏழே முக்காலுக்கு எடுக்கப் போனேன். பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நடுவில் நள்ளிரவு வந்து தேதி மாறிவிட்டதாம், அதனால் இரண்டு நாளாம்! டிக்கியில் ஒரு கிலோ ஆட்டுக்கறியும் இருந்தது. அது என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கலிபோர்னியாவில் தனியார் இடத்திலிருந்து இழுத்த காரை 24 மணி நேரத்துக்குள் மீட்டால், தேதி மாறினாலும் ஒரு நாள் வாடகைதான் வாங்கலாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சட்டம் எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மேலாளர் வரட்டும் என்று 35 நிமிடம் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். கம்பி வலை போட்ட ஜன்னல், கீழே கை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அந்தப் பிளவு வழியாக 84 டாலர் திரும்பி வந்தது. இதோ அதற்கான துண்டுச் சீட்டு. இதையும் பின் அடித்து வைத்திருக்கிறேன்.

அந்த 35 நிமிடமும் செல்போனில் இழுவைக் கட்டணத்தைப் பற்றித் தேடிக்கொண்டே நின்றேன். இதே வளைகுடாப் பகுதியில் இருக்கும் ஓக்லண்ட் நகரத்தின் முன்னாள் காவல்துறைத் தலைவர் போட்ட வழக்கு கண்ணில் பட்டது. அன்றிலிருந்து இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் பெயர் ஆன் கிர்க்பேட்ரிக். வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரத்தில் காவல்துறைத் தலைவராக இருந்தவர், சிகாகோ காவல்துறையிலும் பணியாற்றியவர். ஓக்லண்டில் நிரந்தரத் தலைவராக அமர்ந்த முதல் பெண். 2017இல் மேயர் லிபி ஷாஃப் அவரைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய ஜூன் மாதத்தில் அந்த நகரம் இரண்டு வாரத்துக்குள் மூன்று தலைவர்களை இழந்திருந்தது. ஒருவர் விலகினார், அடுத்து வந்தவர் ஆறு நாளில் நீக்கப்பட்டார், மூன்றாமவர் இரண்டு நாளில் ஒதுங்கிவிட்டார். அப்படிப்பட்ட நாற்காலி அது.

2020 பிப்ரவரி 20 அன்று அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். நகரத்தின் காவல் ஆணையத்தில், அதாவது காவல்துறையைக் கண்காணிக்கும் குழுவில், ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை, மேயரும் சேர்ந்துகொண்டார். நம்பிக்கை உடைந்துவிட்டது என்று மேயர் சொன்னார். ஆனால் உத்தரவு, காரணம் குறிப்பிடாத பணிநீக்கம்.

அதே ஆண்டு அவர் வழக்குப் போட்டார். ஆணைய உறுப்பினர்கள் சிலர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், காவல்துறை ஊழியர்களை மிரட்டுகிறார்கள் என்று தான் புகார் சொன்னதற்கான பழிவாங்கல்தான் இந்த நீக்கம் என்றார். அந்தப் புகார்களில் ஒன்றுதான் என்னை ஜன்னல் முன்னால் நிமிர்ந்து நிற்க வைத்தது. ஆணைய உறுப்பினர் ஒருவரின் கார் இழுக்கப்பட்டிருக்கிறது. கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி அவர் காவல்துறையைக் கேட்டிருக்கிறார். தலைவர் அதற்கு இணங்கவில்லை. வழக்கில் கிர்க்பேட்ரிக் சொன்னது இது. நகர நிர்வாகம் மறுத்து, விசாரணை வரைக்கும் போய் வாதாடியது.

அந்தப் பணத்தின் அருமை எனக்குத் தெரியும். 84 டாலருக்காக 35 நிமிடம் நின்றவள் நான். ஆனால் நான் வரிசையில் நின்று, சட்டத்தைச் சொல்லி வாங்கினேன். நான் இன்னார் என்று சொல்லி வாங்கவில்லை. காவல்துறையைக் கண்காணிக்கும் ஆணையத்தில் இருப்பவர் அதே காவல்துறையிடம் போய் என் காசைக் கொடு என்று கேட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கு அது வெறும் வேண்டுகோளாகவா கேட்கும்? தொகை சிறியது என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. இந்த மாதிரி விஷயம் சிறிய தொகையில்தான் ஆரம்பிக்கும்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஆணையம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன், அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையின் வலி புரியாது. 2000ஆம் ஆண்டில், மேற்கு ஓக்லண்டில், வேலைக்குச் சேர்ந்து சில வாரமே ஆன இளம் காவலர் ஒருவர், கூட வேலை செய்த காவலர்கள் ஆட்களை அடிப்பதாகவும், போதைப்பொருளைத் தாங்களே வைத்து வழக்கு ஜோடிப்பதாகவும் புகார் கொடுத்துவிட்டு வேலையை விட்டு விலகினார். அந்தக் காவலர்கள் தங்களை ‘ரைடர்ஸ்’ என்று அழைத்துக்கொண்டவர்கள். குற்ற வழக்கில் எவருக்கும் தண்டனை வரவில்லை. ஆனால் பாதிக்கப்பட்ட 119 பேர் தொடுத்த வழக்கில் நகரம் ஏறத்தாழ 1.09 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. 2003இல் கூட்டரசு நீதிமன்றத்தின் கண்காணிப்பு வந்தது. 20 ஆண்டு கடந்தும் அது நீடித்தது. 2016 நவம்பரில் மக்கள் வாக்களித்துக் காவல் ஆணையத்தை உருவாக்கினார்கள். தகுந்த காரணம் இருந்தால் தலைவரை ஆணையமே நீக்கலாம், மேயர் சேர்ந்துகொண்டால் காரணமே தேவையில்லை என்று அதற்கு அதிகாரமும் கொடுத்தார்கள்.

புரிகிறதா? சேர்ந்து சில வாரமே ஆன ஒரு பையன் வாயைத் திறந்ததால் விளைந்த கண்காணிப்பு இது. அந்தக் கண்காணிப்புக்காக உருவான ஆணையமே, வாயைத் திறந்த ஒருவரைத் தூக்கிவிட்டது என்பதுதான் வழக்கு. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கிர்க்பேட்ரிக் அப்பழுக்கில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. 2018 மார்ச்சில், இரண்டு வீடுகளுக்கு நடுவே கையில் துப்பாக்கியோடு தூங்கிக்கிடந்த வீடற்ற ஒருவரை, அவர் விழித்து அசைந்தபோது ஓக்லண்ட் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது விதிக்கு உட்பட்டதுதான் என்ற முடிவின் பக்கம் அவர் நின்றார். நீதிமன்றம் வைத்த கண்காணிப்பாளர் ராபர்ட் வார்ஷா அதை ஏற்கவில்லை, கடுமையான நடவடிக்கை வேண்டும் என்றார். நான் வார்ஷா பக்கம். தூங்கி எழுகிறவனுக்குத் தன்னைச் சுற்றி நிற்பது யார் என்று தெரிய வேண்டாமா? அதற்காகக் கிர்க்பேட்ரிக்கை நீக்கியிருந்தால், அதைக் காகிதத்தில் எழுதியிருந்தால், இன்றைக்கு இந்த வீடியோவே இல்லை.

எழுதவில்லையே! என் ஆத்திரமெல்லாம் அங்கேதான். காரணம் எழுதினால் அதை எதிர்த்துப் பேசலாம், பொய் என்று நிரூபிக்கலாம். காரணம் எழுதாத காகிதத்தை எந்தப் பக்கம் பிடிப்பது? இந்த ரசீதில் இரண்டு நாள் என்று எழுதியிருந்தார்கள், அதனால்தான் நான் சண்டை போட முடிந்தது. வெறுமனே 436 என்று மட்டும் எழுதியிருந்தால் 84 டாலர் வந்திருக்குமா?

அதற்கு ஒரு வழி கலிபோர்னியாச் சட்டத்தில் இருக்கிறது. தொழிலாளர் சட்டத்தின் 1102.5 பிரிவு. சட்டமீறலைப் பற்றிப் புகார் சொன்ன ஊழியரைப் பழிவாங்கக் கூடாது. நீக்கத்துக்கு அந்தப் புகாரும் ஒரு காரணம் என்று ஊழியர் காட்டிவிட்டால் போதும். புகாரே இல்லாவிட்டாலும் நீக்கித்தான் இருப்போம் என்று நிரூபிக்கும் சுமை, அதுவும் தெளிவான, உறுதியான சான்றோடு நிரூபிக்கும் சுமை, முதலாளி தலையில் விழுந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த சட்டம் எது என்று யாராவது கேட்டால் இனிமேல் இதைத்தான் சொல்வேன்.

2022 மே மாதம் ஜூரி தீர்ப்புச் சொன்னது. கிர்க்பேட்ரிக் வென்றார். 3,37,635 டாலர் இழப்பீடு. தொகையைப் படித்ததும் கைதட்டினேன். பக்கத்து அறையிலிருந்து என்ன ஆயிற்று என்று வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

ஓக்லண்ட் அதோடு திருந்தவில்லை. அவருக்குப் பிறகு நிரந்தரத் தலைவராக வந்த லெரோன் ஆர்ம்ஸ்ட்ராங்கை 2023 பிப்ரவரியில் அடுத்த மேயர் நீக்கினார். சார்ஜென்ட் ஒருவர் காரை இடித்துவிட்டுப் போனது, காவல்துறைக் கட்டடத்து லிஃப்டுக்குள் துப்பாக்கியால் சுட்டது, இவற்றின் விசாரணை சரியாக நடக்கவில்லை என்ற பிரச்சினை. அங்கேயும் உத்தரவு காரணம் குறிப்பிடாத நீக்கம்தான். 2024இல் அவரும் வழக்குப் போட்டார். அதைத் தனி வீடியோவாகப் பேசுகிறேன், இப்போது ஆரம்பித்தால் இரவாகிவிடும்.

கிர்க்பேட்ரிக் இப்போது எங்கே என்று கேட்பீர்கள். 2023இல் நியூ ஆர்லியன்ஸ் நகரம் அவரைக் காவல்துறைப் பொறுப்புக்கு எடுத்துக்கொண்டது. ஓக்லண்ட் நகரத்தையே தோற்கடித்த அதிகாரி என்று தெரிந்துதான் எடுத்தார்கள். இந்தச் செய்தியை மூன்று முறை படித்தேன்.

சரி, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது. 24 மணி நேரச் சட்டம் எனக்கு முன்னால் தெரியாது. 436 டாலரை அட்டையில் கட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் ரசீதை நீட்டும்போது, ‘இரண்டு நாள்’ என்ற வரிக்குப் பக்கத்தில் விரலை வைத்து இரண்டு முறை தட்டினார். தலையை நிமிர்த்தவில்லை. “24 மணி நேரம் என்று தேடிப் பாருங்கள், மேலாளரைக் கேளுங்கள்” என்று மிகவும் மெதுவாகச் சொன்னார். பிறகு சத்தமாக, “அடுத்தவர் வரலாம்” என்றார்.

அந்த நிறுவனத்தின் பெயர், ஊர், கடைத்தொகுதி எதையும் நான் சொல்லாததற்கு இதுதான் காரணம். நேற்று இரண்டு வரிச் செய்தி போட்டதற்கே எண்பது பேர் பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இந்த மாநிலத்தில் ஒப்பந்தம் இல்லாத ஊழியரைக் காரணம் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம். அந்த ஜன்னலில் இருப்பவருக்கு 1102.5 பிரிவு தெரியுமோ தெரியாதோ, வழக்கறிஞர் வைக்கக் கையில் பணம் இருக்குமோ இருக்காதோ. அவர் வயது, உடை, பேச்சு, எதைக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். கீழே கருத்துப் பகுதியில் யாராவது இடத்தை ஊகித்து எழுதினால் உடனே அழித்துவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரசீதின் மேல் பகுதியில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருக்கிறது. இவ்வளவு நேரமும் அதைக் கட்டைவிரலால் மறைத்துத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். இதோ, அப்படியே மடித்து டின்னில் போடுகிறேன்.