டவுன் சிண்ட்ரோம் குழந்தையின் வயிறு: "இப்படித்தான் இருக்கும்" என்று விடாதீர்கள்

[திரையில்: தலைப்பு மட்டும்]

வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையை வளர்க்கிற அம்மா அப்பாக்களுக்கும், கூட இருந்து பார்த்துக்கொள்கிற ஆயாக்களுக்கும் இந்த வீடியோ. பிள்ளையின் இதயத்துக்கு எக்கோ எடுக்கிறோம், பேச்சு வரவில்லை என்று அலைகிறோம். ஆனால் ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை என்றால் மட்டும் "இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு இப்படித்தான்" என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அந்தப் பேச்சைத்தான் விடச் சொல்கிறேன். வயிற்றுத் தொந்தரவு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும், தேடினால் பெரும்பாலும் கிடைக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உடம்பின் செல்களில் மரபுத் தகவலைச் சுமக்கிற குரோமோசோம்களில், 21ஆவது இரண்டு இருப்பதற்குப் பதில் மூன்று இருப்பதுதான் டவுன் சிண்ட்ரோம், 1959லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நம் பக்கம் தாய்மாமனைக் கட்டுவது வழக்கம் என்பதால் "சொந்தத்தில் கட்டினதால வந்தது" என்று பெற்ற தாயைக் குத்திக் காட்டுகிறார்கள். சொந்தத்தில் கட்டுவதால் வரும் நோய்கள் வேறு. இது பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம் சரியாகப் பிரியாமல் போவதால் வருவது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும், பெற்றோரிடமிருந்து வழிவழியாக வருவது மிகச் சிலருக்குத்தான். சரி, வயிற்றுக்கு வருவோம்.

[திரையில்: குடலின் எளிய படம்]

பிறந்த ஒன்றிரண்டு நாளிலேயே தெரியக்கூடியவை இரண்டு. குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் அது அவசரம். இரைப்பைக்கு அடுத்த சிறுகுடல் பகுதி அடைபட்டே பிறந்திருக்கலாம். இந்த அடைப்போடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று டவுன் சிண்ட்ரோம் குழந்தை. எக்ஸ்ரேயில் இரண்டு காற்றுக் குமிழ் மாதிரி தெரியும், அறுவை சிகிச்சையில் சரிசெய்துவிடலாம். அடுத்தது, கருப்பாகப் பிசுபிசுவென்று வரவேண்டிய முதல் மலம் 48 மணி நேரம் ஆகியும் வராமல் வயிறு உப்பிக்கொண்டே போவது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்புச் செல்களே இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயாக இருக்கலாம். அந்த இடம் விரியாது, அதனால் மலம் மேலேயே தங்கிவிடும். இது லேசாக இருந்தால் பிறந்தபோது தெரியாமல் போய், பிற்பாடு தீராத மலச்சிக்கலாக நிற்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல், வயிறு வீக்கம், நாற்றத்தோடு பீய்ச்சியடிக்கும் வயிற்றுப்போக்கு மூன்றும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வீடு பார்ப்பது சாதாரண மலச்சிக்கல்தான். இந்தப் பிள்ளைகளுக்குத் தசை தளர்வாக இருக்கும், வயிற்றுத் தசையும் அப்படித்தான், முக்கித் தள்ளப் பலம் போதாது. ஓடியாடுவதும் குறைவு, தண்ணீரும் கேட்டுக் குடிக்காது. இதற்கு மேல் தைராய்டு குறைவு வேறு இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம், அதுவும் குடலை மந்தமாக்கும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை கட்டாயம். தைராய்டு மாத்திரையை ஆரம்பித்ததுமே மலச்சிக்கல் குறைந்துவிடும் பிள்ளைகளும் உண்டு.

இன்னொன்று பலருக்குப் பிடிபடுவதில்லை. நான்கு நாள் போகாமல் இருந்த பிள்ளை திடீரென்று ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகக் கசியவிடும். உடனே வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்துகிற மருந்து கொடுக்கிறோம். உள்ளே கல்லாக இறுகிய மலம் உட்கார்ந்திருக்கிறது, அதைச் சுற்றி இளகினது மட்டும் வழிகிறது, அவ்வளவுதான். இதற்கு நிறுத்தும் மருந்து கொடுத்தால் இன்னும் இறுகும். பிள்ளையை அடிக்கவும் வேண்டாம், அது வேண்டுமென்று செய்யவில்லை, அதற்குத் தெரியாமலே வழிகிறது.

[திரையில்: சிவப்பு எழுத்தில் "விளக்கெண்ணெய் வேண்டாம்"]

ஆயா சொன்னார்கள் என்று மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள். விழுங்குவதற்கே தடுமாறும் பிள்ளைக்கு எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் நிமோனியா வரும். வெற்றிலைக் காம்பும், சோப்புத் துண்டும் ஆசனவாயைப் புண்ணாக்கும், அடுத்த முறை வலிக்கும் என்று பயந்து பிள்ளை அடக்கிக்கொள்ளும். மருத்துவர் எழுதும் லாக்டுலோஸ், பாலி எத்திலீன் கிளைக்கால் போன்ற மலத்தை இளக்கும் மருந்துகள் பழக்கமாகிவிடாது. பல மாதம் கொடுக்க வேண்டியிருக்கும், ஒரு வாரத்தில் இளகிவிட்டதே என்று நாமாக நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது.

சாப்பாட்டில் நமக்குக் கேழ்வரகு இருக்கிறது, நார்ச்சத்தும் கால்சியமும் உள்ள தானியம். ஆனால் நார்ச்சத்து கொடுத்துத் தண்ணீர் கொடுக்காவிட்டால் மலம் இன்னும் கெட்டியாகும். களி சாப்பிட்டால் கூடவே மோரோ தண்ணீரோ போகவேண்டும். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் பிள்ளை குடிக்காது. ஒகேனக்கல் குடிநீர் வருகிற ஊராக இருந்தால் அதைப் பிள்ளைக்கென்று தனியாகப் பிடித்து வையுங்கள். பால் பாட்டிலையே நாள் முழுக்கக் கொடுத்தால் சோறு இறங்காது, மலச்சிக்கலும் கூடும். சாப்பிட்டு முடித்ததும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் ஐந்து பத்து நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்கக்கூடாது, காலுக்கு ஒரு முக்காலி போடுங்கள்.

எடை ஏறவே இல்லை, வயிறு உப்புகிறது, ரத்தசோகை மாறவில்லை என்றால் சீலியாக் நோயை நினையுங்கள். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் குடலைப் புண்ணாக்கும் நோய் அது, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. களியும் சோறும்தானே சாப்பிடுகிறான் என்பீர்கள். பிஸ்கட், ரவை, பன், பரோட்டா எல்லாமே கோதுமைதான், அங்கன்வாடி சத்துமாவிலும் கோதுமை சேர்கிறது, கடைப் பெருங்காயத்தில்கூட அதன் மாவைக் கலக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: ரத்தப் பரிசோதனை எடுக்கும் முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும். நோய் உறுதியானால் ஆயுளுக்கும் அதைத் தவிர்க்க வேண்டும். அரிசி, கேழ்வரகு, சாமை, தினை என்று கோதுமை கலக்காமல் வீட்டில் அரைத்துச் சமைக்க முடிகிற ஊர் நம்முடையது, அது பெரிய ஆறுதல்.

எங்கே போவது? 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரை டவுன் சிண்ட்ரோம் உட்படப் பல குறைகளுக்குச் சிகிச்சை இலவசம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் கேளுங்கள், இல்லையென்றால் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் எங்கே என்று விசாரியுங்கள். அரூர், அஞ்செட்டி, சித்தேரி மலையிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறீர்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு வாரம் எந்த நாள் போனது, கெட்டியா தண்ணியா, ரத்தம் கலந்ததா, என்ன சாப்பிட்டது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பேச வராத பிள்ளை வயிறு வலித்தால் தலையை முட்டிக்கொள்ளும், கடிக்கும், சாப்பாட்டைத் தள்ளிவிடும், அதையும் எழுதுங்கள். அங்கேயும் யாராவது "இப்படித்தான் இருக்கும்" என்றால் "தைராய்டு பார்த்தாச்சா, சீலியாக் டெஸ்ட் எடுக்கலாமா, குடல் நரம்புக் குறை இருக்குமா" என்று மூன்றையும் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.