பூனையின் மூளையில் கேட்ட சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். நான் குழந்தைகளுக்கான கண் மருத்துவர். பார்வையைப் பற்றிப் பேச அழைப்பு வந்தபோது கொஞ்சம் தயங்கினேன். வானொலியில் படம் எதுவும் காட்ட முடியாதே! அப்புறம்தான் தோன்றியது, நான் சொல்ல நினைத்த கதைக்கு வானொலியே பொருத்தமான இடம் என்று. மூளை எப்படிப் பார்க்கிறது என்பதற்கான ஒரு பெரிய துப்பு முதலில் காதுக்குத்தான் கிடைத்தது.

1958ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பூனை. அதன் தலையின் பின்பக்கம், பார்வைக்கான மூளைப் பகுதியில், மிக மெல்லிய டங்ஸ்டன் கம்பி ஒன்று இறங்கியிருக்கிறது. ஒரே ஒரு நரம்பணுவின் மின்துடிப்பை அது பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். அணு ஒருமுறை துடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பக்கத்தில் இரண்டு இளம் ஆய்வாளர்கள். கனடாவில் பிறந்த டேவிட் ஹியூபெல், ஸ்வீடனிலிருந்து வந்த டோர்ஸ்டன் வீசல். முறையான திரைகூட அவர்களிடம் இல்லை. பூனையின் முகம் மேலே பார்த்தபடி இருந்ததால், கூரையடியில் ஓடிய குழாய்களில் படுக்கை விரிப்புகளைக் கட்டி, அதில் ஒளியைப் பாய்ச்சினார்கள். சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருந்ததாம்.

அவர்களுடைய வழிகாட்டி ஸ்டீபன் குஃப்ளர் சில ஆண்டுகளுக்கு முன்பே, விழித்திரையின் அணுக்கள் சின்ன ஒளிப்புள்ளிகளுக்கு நன்றாகத் துடிக்கும் என்று காட்டியிருந்தார். ஆகவே இவர்களும் புள்ளிகளையே காட்டிக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் புள்ளி ஒட்டிய கண்ணாடிச் சில்லு, வெள்ளைப் புள்ளிக்குத் துளையிட்ட பித்தளைத் தகடு, மாற்றி மாற்றி. மூளையணு எதற்கும் சரியாக மசியவில்லை. மணிக்கணக்கில் இதே கதை. திடீரென்று, ஒரு கண்ணாடிச் சில்லைச் செருகும்போது, ஒலிபெருக்கி இயந்திரத் துப்பாக்கி போல வெடித்தது. புள்ளிக்காக அது வெடிக்கவில்லை. சில்லின் விளிம்பு ஒரு மெல்லிய நிழல் கோடாக விழித்திரையின் மேல் நகர்ந்து போயிருந்தது. அந்தக் கோடு ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகர்ந்தால் அணு துடித்தது, சாய்வை மாற்றினால் அடங்கிவிட்டது.

மாணவனாக இருந்தபோது இப்படிப்பட்ட சோதனை ஒன்றின் ஒலிப்பதிவை வகுப்பில் கேட்டேன். கோடு நகர நகர அந்த 'டகடகடக'. இன்றைக்கும் நினைத்தால் சிலிர்க்கிறது. நாம் பார்க்கும் ஒவ்வொரு முகத்தையும் மரத்தையும் மூளை முதலில் சின்னச் சின்னக் கோடுகளாகப் பிரித்துத்தான் வாங்கிக்கொள்கிறது என்பதற்கு அந்தச் சத்தம்தான் சாட்சி.

அந்தக் கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை உருவாக்கியவர் ஹியூபெல். சிறுவனாக இருந்தபோதே மாண்ட்ரியால் நகரில், பொட்டாசியம் குளோரேட்டையும் சர்க்கரையையும் கலந்து சின்னப் பீரங்கி வெடித்து, தெருவையே அதிரவைத்தவர். பிறகு கணிதமும் இயற்பியலும் படித்து, அதற்கப்புறம் மருத்துவத்துக்கு வந்தார். கட்டாய ராணுவ சேவைக்காக அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் மருத்துவ ஆய்வு நிலையத்துக்குப் போனபோதுதான் டங்ஸ்டன் கம்பியின் நுனியைக் கூராக்கி, மேலே வார்னிஷ் பூசி, மின்முனையாக மாற்றினார். அதை மூளைக்குள் மெதுவாக இறக்கும் கருவிக்காக லேத் ஓட்டவும் கற்றுக்கொண்டார். கருவி செய்யத் தெரிந்த கைதான் இந்தக் கதையில் பாதி என்பேன்.

1959இல் குஃப்ளரோடு இருவரும் ஹார்வர்டுக்குப் போனார்கள். சில மாதங்களுக்கு என்று தொடங்கிய கூட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. 1981இல் மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதி ரோஜர் ஸ்பெர்ரி என்ற இன்னொரு மூளை ஆய்வாளருக்கு, மறு பாதி இவர்கள் இருவருக்கும். ஆனால் என் போன்றவர்களுக்கு அவர்கள் முக்கியமானவர்களாக இருப்பது வேறொரு சோதனையால்.

அதைச் சொல்ல மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. பிறந்து சில நாளே ஆன பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடினார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திறந்தார்கள். கண் நன்றாக இருந்தது. விழித்திரையிலும் பழுது இல்லை. ஆனால் குட்டிக்கு அந்தக் கண்ணால் பார்க்கத் தெரியவில்லை. மூளைக்குள் கம்பியை இறக்கிச் சோதித்தார்கள். 84 அணுக்களில் ஒன்றே ஒன்றுதான் மூடியிருந்த கண்ணுக்குத் துடித்தது. மற்றவை அநேகமாக எல்லாமே திறந்திருந்த கண்ணின் பக்கம் போய்விட்டன. இது 1963இல் வெளியானது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது ஒன்றும் ஆகவில்லை.

அடுத்து இரண்டு கண்களையும் மூடிப் பார்த்தார்கள். பாதிப்பு இரு மடங்காகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. அப்போதுதான் புரிந்தது, மூளையில் இடம் பிடிக்க இரண்டு கண்களும் போட்டி போடுகின்றன. ஒன்று வேலை செய்யாவிட்டால் அதன் இடத்தையும் மற்றது எடுத்துக்கொள்ளும். அதுவும் ஒரு குறிப்பிட்ட பருவத்துக்குள். பூனைக்குட்டிக்கு நான்காவது வாரத்தில், மூன்று நான்கு நாள் மூடினாலே போதும், பாதிப்பு வந்துவிடும்.

சரி, இதிலிருந்து நம் பிள்ளைகளுக்கு என்ன? சில குழந்தைகள் கண்புரையோடு பிறக்கின்றன. "குழந்தை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் ஆபரேஷன் செய்யலாம்" என்று ஒரு காலத்தில் காத்திருந்தார்கள். இன்று ஒரு கண்ணில் அடர்த்தியான புரை இருந்தால் ஆறு வார வயதுக்குள் எடுத்துவிட முயல்கிறோம். அந்த அவசரத்துக்கு அறிவியல் காரணத்தைத் தந்தது பூனைக்குட்டிகளிடம் கிடைத்த அந்த எண்கள்தான். ஆகவே குழந்தையின் கருவிழி நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால், போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினால், அடுத்த தடுப்பூசி வரை காத்திருக்காதீர்கள். அதற்குப் புரை தவிர வேறு ஆபத்தான காரணங்களும் உண்டு.

இங்கே ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். அந்தப் பருவம் முடிந்தால் கதவு அடைந்தே போகும் என்று பலர் அதை இறுக்கமாக எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மூளை ஆய்வாளர் பவன் சின்ஹா, பிரகாஷ் திட்டத்தின் மூலம், பிறவியிலிருந்தே பார்வையில்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு வட இந்தியாவில் சிகிச்சை கிடைக்கச் செய்தார். எட்டு வயதுக்கு மேலும் சிகிச்சை பெற்றவர்கள் அதில் உண்டு. பார்வை முழுக் கூர்மையை எட்டாவிட்டாலும், அவர்கள் பொருள்களை அடையாளம் காணக் கற்றார்கள். தொட்டு அறிந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்க முதலில் திணறியவர்கள், சில நாட்களிலேயே தேறினார்கள். பெரிய பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரிடம் "இனி பயனில்லை" என்று நான் சொல்லாததற்கு இந்த ஆய்வு ஒரு காரணம்.



போன மாதம் ஓர் அம்மா கேட்டார்: "புரையைத்தான் எடுத்தாச்சே டாக்டர், கண்ணாடியும் போட்டாச்சு. நல்லா இருக்கிற கண்ணை எதுக்கு தினமும் பிளாஸ்டர் ஒட்டி மூடணும்?" பூனைக்குட்டிகளின் கதையை, இரண்டு கண்களின் போட்டியை, அவருக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப தூங்குற நேரம் கணக்குல வராதா?" என்றார். வராது, விழித்திருந்து எதையாவது பார்க்கும் நேரம்தான் கணக்கு என்றேன். அதுவரை அவர் மதியத் தூக்கத்தில்தான் ஒட்டிக்கொண்டிருந்தாராம், பிள்ளை அழாதே என்று. இப்போது சாயங்காலம், விளையாடுகிற நேரத்தில் ஒட்டுகிறார்.

வணக்கம்.