துணி காயும் தெருக்கள்

தலைவர் அவர்களே, நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வெனிஸ் பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோண்டோலாவும் சான் மார்கோ சதுக்கமும் இன்று வரமாட்டா. அவை எல்லார் வீட்டுக் காலண்டரிலும் இருக்கின்றன. அந்த ஊரை ஆறு பேட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பேட்டைக்கு அவர்கள் சொல்லும் ‘செஸ்தியேரே’ என்ற பெயருக்கே ஆறில் ஒன்று என்றுதான் பொருள். அதில் வடக்கே கன்னரேஜோ, கிழக்கே காஸ்டெல்லோ. இந்த இரண்டிலும் கூட்டம் அதிகம் போகாத கரையோரங்களில், உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு இரண்டு நாள் நடந்தேன். அந்த நடைதான் இன்றைய பேச்சு.

ரயில் நிலைய வாசலில் எங்களைச் சந்தித்தார் அந்த அம்மா. ஐம்பது வயது இருக்கும். கையில் கொடி கிடையாது, குடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. ஒலிபெருக்கியை 2024 முதல் அங்கே தடை செய்துவிட்டார்கள். ஒரு வழிகாட்டி இருபத்தைந்து பேருக்கு மேல் அழைத்துப் போகவும் கூடாது. நாங்கள் ஒன்பது பேர். அவர் சொன்ன முதல் வார்த்தை வரலாறு பற்றியே இல்லை. ‘தெருவுக்குள் நுழைந்ததும் மேலே பாருங்கள். துணி காய்கிறதா என்று பாருங்கள்’ என்றார். தமாஷ் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

நிலையத்திலிருந்து கூட்டமெல்லாம் ஒரே திசையில் போகிறது. இரண்டு பக்கமும் முகமூடிக் கடைகள், பெட்டி உருட்டும் சத்தம். ஒரு பெரிய பாலத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பினோம். சத்தம் அப்படியே நின்றுவிட்டது. வாய்க்காலை ஒட்டிக் கல் பாவிய நடைபாதை. இதற்கு ‘ஃபோண்டமென்டா’ என்று பெயர். ஒரு பக்கம் வீட்டு வாசல், மறுபக்கம் தண்ணீர், நடுவில் ஏழெட்டு அடி அகலத்தில் தெரு. பல இடங்களில் கைப்பிடிச் சுவர்கூட இல்லை. பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தால் நேராகத் தண்ணீரில்தான்.

அந்தக் கரையில் தாழ்வான ஒரு சுரங்க வழி மாதிரி ஒரு நுழைவு. வழிகாட்டி எங்களை நிறுத்தி, கல்லில் இருந்த சில குழிகளைத் தொட்டுக் காட்டினார். கதவுக் கீல் பொருத்தியிருந்த குழிகள். இரவானால் அந்தக் கதவைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருந்தவர்கள் யூதர்கள்.

ஒரு சாராரை ஒதுக்கி அடைத்து வைக்கும் குடியிருப்புக்கு ‘கெட்டோ’ என்ற சொல்லை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறோம். அது பிறந்த இடம் இதுதான். முன்பு இங்கே உலோகம் உருக்கி வார்க்கும் பட்டறைகள் இருந்தன. வார்ப்புக்கு அவர்கள் பேச்சில் ‘ஜெத்தோ’. அதிலிருந்து வந்த பெயர் என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். 1516 மார்ச் 29 அன்று, அப்போது தனி நாடாக இருந்த வெனிஸ் குடியரசின் ஆட்சி மன்றம் உத்தரவு போட்டது: ஊரிலுள்ள யூதர்கள் இந்தத் தீவில்தான் குடியிருக்க வேண்டும். பகலில் வெளியே போய்த் தொழில் செய்யலாம், தனி அடையாளம் அணிந்துகொண்டு. இரவில் உள்ளே திரும்பிவிட வேண்டும். சுற்றியுள்ள வாய்க்கால்களில் காவல் படகு சுற்றும். அந்தக் காவலாளிகளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? பூட்டப்பட்டவர்களே கொடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் எங்களில் ஒருவர், ‘நல்ல நிர்வாகம்’ என்று முணுமுணுத்தார்.

ஆட்கள் பெருகினார்கள், தீவு பெருகவில்லை. அகலத்துக்கு இடமில்லை, உயரத்துக்குப் போனார்கள். மற்ற இடங்களில் மூன்று நான்கு மாடி வீடுகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் ஏழு மாடி, எட்டு மாடி நிற்கிறது. ஜன்னல்கள் நெருக்கமாக, ஒன்றின் தலையில் ஒன்று. உள்ளே கூரை கைக்கு எட்டும் உயரம்தான் என்பது வெளியிலிருந்தே தெரிகிறது. சதுக்கத்தின் ஒரு மூலையில் வரிசையாக ஐந்து பெரிய ஜன்னல்களைக் காட்டினார். கீழிருந்து பார்த்தால் வெறும் வீடு. மேல் மாடியில் இருப்பது தொழுகைக் கூடம். 1528இல் கட்டியது. இப்படி ஐந்து கூடங்கள் அந்தச் சின்ன இடத்துக்குள் இருக்கின்றன.

1797இல் நெப்போலியனின் படை வந்தது, கதவுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில், 1943 டிசம்பரிலும் 1944 ஆகஸ்டிலும் இங்கிருந்து யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இருநூறு பேருக்கு மேல். சில வாசல்களில் தரைக் கல்லோடு கல்லாகக் கையகலப் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். பெயர், பிறந்த ஆண்டு, பிடிபட்ட நாள். குனிந்துதான் படிக்க முடியும். அந்தச் சதுக்கத்தில் குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி குரலைத் தாழ்த்திக்கொள்ளவும் இல்லை, குழந்தைகளை அதட்டவும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

சதுக்கம் என்று நான் சொல்வதை அவர்கள் ‘காம்போ’ என்கிறார்கள். வயல் என்று பொருள். நடுவில் கல்லால் செதுக்கிய கிணற்று வாய் இருக்கும், இரும்பு மூடி போட்டிருக்கும். ஊரைச் சுற்றி உப்புத் தண்ணீர், அப்புறம் எப்படிக் கிணறு? நானும் இதைத்தான் கேட்டேன். அது ஊற்றுக் கிணறு கிடையாது, மழைநீர்த் தொட்டி. சதுக்கத்தின் தரை லேசாகச் சரிந்து சில துளைக் கற்களை நோக்கிப் போகிறது. மழைத் தண்ணீர் அந்தத் துளை வழியே இறங்கி, அடியில் நிரப்பியிருக்கும் மணலில் வடிந்து, நடுக் குழாயில் சேரும். உப்புநீர் புகாமல் சுற்றிலும் களிமண் பூசியிருப்பார்கள். 1884இல் குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊர் முழுக்கக் குடித்தது இதைத்தான். பலர் அந்தக் கிணற்று வாயில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். காலடியில் இருக்கும் துளைக் கல்லை யாரும் பார்ப்பதில்லை. வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு இந்த மாதிரி இடத்தில்தான் செரிக்கிறது.

கெட்டோவின் வடக்குப் பாலத்தைத் தாண்டினால் ஒன்றுக்கொன்று இணையாக மூன்று நீண்ட வாய்க்கால்கள். முதல் கரைக்குப் பெயர் ஓர்மெசினி. பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸ் துறைமுகப் பெயரால் வழங்கிய பட்டுத் துணியிலிருந்து வந்த பெயர். கரை தெற்குப் பார்த்து இருப்பதால் நாளெல்லாம் வெயில் விழுகிறது. இங்கேதான் முதன்முதலாகத் துணி பார்த்தோம். படுக்கை விரிப்பு, சின்னக் குழந்தையின் சட்டைகள், சமையல்காரர் போடும் வெள்ளைக் கோட்டு ஒன்று. வழிகாட்டி எண்ணிக்கொண்டே வந்தார். மளிகைச் சாமான் படகில் வந்து இறங்குகிறது. குப்பையும் படகில் போகிறது. அந்த அமைதியில் இதெல்லாம் காதில் விழுகிறது, ஏனென்றால் கார் என்பதே கிடையாது.

கொஞ்சம் தள்ளி ஓவியர் டின்டொரெட்டோ வாழ்ந்த வீடு. சாயக்காரரின் மகன் என்பதால் ‘குட்டிச் சாயக்காரன்’ என்ற பட்டப்பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. நாலு எட்டு வைத்தால் மதோன்னா தெல்லோர்த்தோ தேவாலயம். 1594இல் அவரை அங்கேதான் புதைத்தார்கள். சுவர் உயரத்துக்கு அவர் வரைந்த படங்கள் அதே இடத்தில் தொங்குகின்றன. நாங்கள் போனபோது உள்ளே எங்களைத் தவிர இரண்டே பேர்.

இந்தப் பேட்டையின் தெற்கு ஓரத்தில்தான் மார்கோ போலோவின் வீடும் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு நாடக அரங்கு நிற்கிறது. நம் காயல் துறைமுகத்தையும் முத்துக் குளிப்பவர்களையும் பற்றி எழுதிய மனிதர் திரும்பி வந்து குடியிருந்த இடம் இது என்று நான் சொன்னேன். வழிகாட்டி உடனே குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அந்த இரண்டு நாளில் என் பங்குக்கு நான் சொன்ன ஒரே தகவல்.

மறுநாள் காஸ்டெல்லோ. வீட்டு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை: அங்கே தெருவாரியாக எண் கிடையாது, பேட்டை முழுவதற்கும் ஒரே வரிசை. ஆறாயிரத்தைத் தாண்டிப் போகிறது. முகவரியை வைத்துக்கொண்டு தேடுவது வீண்.

அங்கே ஒரு அகலமான தெரு இருக்கிறது, காரிபால்டியின் பெயரில். இவ்வளவு அகலம் எப்படி வந்தது? வாய்க்காலைத் தூர்த்துத் தெருவாக்கியது நெப்போலியன் காலம். காய்கறிப் படகு ஒன்று, இரண்டு மூன்று காபிக் கடை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். அதைத் தாண்டிக் கிழக்கே மரப்பாலம் போன்ற ஒன்றைக் கடந்தால் சான் பியேத்ரோ. புல் முளைத்த முற்றம், சாய்ந்து நிற்கும் வெள்ளைக் கல் மணிக்கூண்டு. 1807 வரை வெனிஸின் தலைமைத் தேவாலயம் இதுதான், சான் மார்கோ இல்லை. தலைமைப் பதவி போனதும் கூட்டமும் போய்விட்டது.

அங்கே வாய்க்கால் படியில் பாசி படிந்திருந்த தடத்தைக் காட்டி வழிகாட்டி வெள்ளக் கதை சொன்னார். 1966 நவம்பர் 4 அன்று தண்ணீர் 194 சென்டிமீட்டர் ஏறியது. 2019 நவம்பரில் 187. ஊரைச் சுற்றியுள்ள உப்பங்கழிக்குள் கடல் நுழையும் வாயில்கள் மூன்றிலும் 78 இரும்பு மதகுகளைக் கடலடியில் படுக்க வைத்திருக்கிறார்கள். அலை ஏறும்போது காற்றடைத்து நிமிர்த்துகிறார்கள். 2020 அக்டோபரில்தான் முதன்முதலாக உண்மையான வெள்ளத்தில் வேலை செய்தது. ‘தண்ணீரை நிறுத்தக் கதவு போட்டாயிற்று’ என்றவர், மேலே கையைக் காட்டினார்.

மூன்று மாடி வீடு. ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது, துணிக் கொடி வெறுமனே தொங்கியது. வாசலில் அழைப்பு மணிப் பலகை. நான்கு பித்தளைப் பெயர்த் தகடுகளில் ஒன்றில்தான் பெயர் இருந்தது. பக்கத்துக் கம்பியில் எண் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டிகள் மூன்று. வாரம் ஒரு பயணி வந்து தங்கிப் போகும் வீடுகள். 1951இல் இந்தப் பழைய ஊரில் ஏறத்தாழ 1,75,000 பேர் இருந்தார்கள். 2022இல் 50,000க்குக் கீழே போய்விட்டது. ஊர் நடுவே ரியால்ட்டோ பாலத்துப் பக்கம் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் 2008 முதல் ஒரு மின்பலகை இந்த எண்ணிக்கையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் வந்து போகிறவர்களிடம், குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும், ஐந்து யூரோ கட்டணம் வாங்குவதை 2024இல் தொடங்கினார்கள். அதனால் எந்த வீட்டிலும் ஒரு சட்டை கூடுதலாகக் காயப்போவதில்லை என்பது என் கணிப்பு.

சுற்றுலா விளம்பரத்தில் ‘அமைதியான பகுதி’ என்று ஒரே சொல்லால் எழுதிவிடுகிறார்கள். ஓர்மெசினிக் கரையில் கேட்டது, சாப்பிட்டுவிட்டு வீடு சற்று அயர்ந்திருக்கும் நேரத்து அமைதி. இந்த வாசலில் கேட்டது பூட்டிய வீட்டு அமைதி. படம் எடுத்தால் இரண்டும் ஒரே மாதிரி அழகாகத்தான் வருகின்றன. என் கைபேசியில் இருக்கிறது, பேச்சு முடிந்ததும் வேண்டுபவர்கள் பார்க்கலாம். நானும் அப்படி ஒரு சாவிப் பெட்டி வீட்டில்தான் தங்கியிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சாயங்காலம் படகில் ஏறி ஊரின் மேற்கு முனைக்கு வந்தோம். பேருந்தும் டிராமும் அதுவரைதான் வரும். விடைபெறும்போது எங்களில் ஒரு அக்கா கேட்டார், ‘இரண்டு நாளாக ஊரார் துணியை எண்ணினீர்களே, உங்கள் வீடு எந்தத் தெரு?’

‘மெஸ்த்ரே’ என்றார். பாலத்துக்கு அந்தப் பக்கம், தரைமேல் இருக்கும் ஊர். காஸ்டெல்லோவில் பிறந்தவராம். பதினொரு வருஷத்துக்கு முன் வாடகை கட்டுப்படியாகாமல் போய்விட்டாராம். ‘நாலாவது மாடி, பால்கனி இருக்கிறது. துணி சீக்கிரம் காய்ந்துவிடும்’ என்று சொல்லிவிட்டு, புறப்படவிருந்த டிராமுக்கு ஓடினார்.