மரம் வெட்டினால் போர் வரும்: ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் எல்ஃபுகளின் நீதி

வணக்கம். படுக்கை செய்வதற்காகக் குள்ளர்கள் சில மரங்களை வெட்டியதில் தொடங்கி, அண்டை நாட்டுப் படை கோட்டை வாசலில் வந்து நிற்பதில் முடியக்கூடிய ஒரு விளையாட்டைப் பற்றித்தான் இந்தக் காணொளி.

டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் சகோதரர்கள் உருவாக்கிய ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ், குள்ளர் கூட்டம் ஒன்றை வைத்துக் கோட்டை கட்டி நடத்தும் கணினி விளையாட்டு. 2006இல் வெளிவந்தது. 2022 டிசம்பரில் ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடைக்கு வந்தது. பின்னணி இவ்வளவு போதும்.

குள்ளர்கள் கல்லைக் குடைந்து வாழ்பவர்கள்தான் என்றாலும், படுக்கையை மரத்தில் மட்டுமே செய்ய முடியும். நிலக்கரி கிடைக்காத இடத்தில் உலைக்கும் மரக்கரிதான் கதி. ஆகவே புதிதாக ஆடுபவர்கள் கண்ணில் பட்ட மரத்தையெல்லாம் வெட்டக் குறித்துவிடுகிறார்கள். காடு அழிந்துவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். மிதிபடாமல் தப்பும் கன்றுகள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் மரமாகிவிடும். மொட்டைக் காட்டை மன்னித்துவிடும் இந்த விளையாட்டு, அந்தக் காட்டை நேசிக்கும் அண்டை வீட்டாரின் கோபத்தை அத்தனை எளிதில் தணியவிடுவதில்லை என்பதே இங்கு எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

[திரையில்: வசந்த காலம், எல்ஃப் வணிகர்கள் வருகை]

அந்த அண்டை வீட்டார்தான் எல்ஃபுகள், காட்டில் வாழும் கற்பனை இனம். வசந்தம்தோறும் அவர்கள் வணிகத்திற்கு வருவார்கள். நீங்கள் நிறைய மரங்களை வெட்டியிருந்தால், அவர்களுடைய தூதரும் வந்து, இந்த ஆண்டு இத்தனை மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்று வரம்பு கேட்பார். ஒப்புக்கொண்டுவிட்டு அதை மீறினால் உறவு கசக்கும். கசப்பு முற்றினால் போர்.

வணிகக் கூடத்தில் நடப்பது இதைவிட வேடிக்கை. எல்ஃபுகளிடம் மரப்பொருளை நீட்டினால் அவமதிப்பாக எடுத்துக்கொண்டு பேரத்தையே முறித்துக்கொள்வார்கள். அழகான கல் பொம்மைகளை, அவை இருக்கும் மரப்பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தாலும் அதே கதிதான். சுத்த சைவக் குடும்பத்துக்குப் பிரியாணிச் சட்டியிலேயே சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனதைப் போல. தெளிந்த கண்ணாடியைச் செய்ய மரச்சாம்பலிலிருந்து எடுக்கும் உப்பு வேண்டும் என்பதால் அதையும் ஏற்க மாட்டார்கள். பச்சைக் கண்ணாடிக்குச் சாம்பல் தேவையில்லை, ஆகவே அது சரி. ஆனால் மரத்தை எரித்த கரியில் உருக்கிய எஃகுப் பொருளை மறுபேச்சின்றி வாங்கிக்கொள்வார்கள்! சாம்பலுக்கு ஒரு நீதி, கரிக்கு ஒரு நீதியா என்று கேட்டால் அவர்களிடம் பதில் கிடையாது.

இன்னும் ஒன்று. விளையாட்டின் தரவுக் கோப்புகளில் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் அறப்பட்டியல் உண்டு. எல்ஃபுகளின் பட்டியலில் தாவரத்தைக் கொல்வது நினைத்தும் பார்க்கக் கூடாத குற்றம். போரில் கொன்ற எதிரியைத் தின்பதோ ஏற்கத்தக்க செயல். மரத்துக்காக உங்களோடு சண்டைக்கு வந்து, வென்றால் உங்களையே உண்பதில் அவர்களுக்கு எந்த மனச்சங்கடமும் இல்லை. எந்த விளையாட்டிலும் இவ்வளவு நேர்மையான விசித்திரத்தை நான் கண்டதில்லை.

படை வந்தால் என்ன செய்வது? பெரும்பாலும் அஞ்ச வேண்டாம். மரத்தை வெட்டாமல் வளர்த்தே வாளும் கவசமும் செய்துகொள்பவர்கள் அவர்கள். எஃகுக் கோடரியின் முன்னால் அவை நிலைக்காது. உண்மையான நட்டம் வேறு: பழக்கப்படுத்திய கரடி போன்ற அரிய விலங்குகளைக் கூண்டில் கொண்டுவரும் வணிகர்கள் வராமல் போவார்கள்.

ஆகவே என் யோசனை, வரம்புக்கு ஒப்புக்கொள்ளுங்கள். மண்ணுக்கடியில் மேக்மாவை, அதாவது கொதிக்கும் பாறைக்குழம்பைத் தேடி அதன்மேல் உலை அமையுங்கள். உலைக்கு எரிபொருள் தேவைப்படாது. எஃகுக்கு மட்டும் கரி கலக்க வேண்டியிருக்கும் என்பதால், கொஞ்சம் மரத்தை இலையுதிர் காலத்தில் வரும் உங்கள் சொந்த நாட்டு வணிகர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். வரம்பை மீறி ஆடுவதே சுவை என்று நினைப்பவர்கள் கீழே வந்து வாதாடுங்கள். எல்ஃபுகளின் கட்சியில் யாராவது இருந்தால், அந்தக் கரி விவகாரத்துக்கு முதலில் விளக்கம் சொல்லுங்கள்.