புல்லட் ஹெட் போர்ட்டிங்: ஓட்டையைப் பெருசாக்காதீங்க

வணக்கம் நண்பர்களே. இன்னைக்கு மேசை மேல இருக்கிறது பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350-ஓட ஹெட், அதாவது எஞ்சினோட மேல் மூடி, வால்வுங்க இருக்கற பாகம். பிஸ்டன் ஓடற பேரல் தாங்க இரும்பு, ஹெட் அலுமினியம். அதனாலதான் வால்வு உக்கார்ற எடத்துல தனியா ஒரு வளையம் அடிச்சிருக்காங்க. அந்த வளையத்துக்குக் கீழதான் இன்னைக்கு நம்ம வேலையே. அங்க காத்து போற ஓட்டைதான் போர்ட், அதைச் செதுக்கிச் சரி பண்றதுதான் போர்ட்டிங்.

1955-ல திருவொற்றியூர்ல தொடங்கின பரம்பரை இது. போர் (சிலிண்டரோட உள் விட்டம்) 70 எம்எம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி எறங்கற தூரம்) 90 எம்எம், 346 சிசி, 18 குதிரைத்திறன். லாங் ஸ்ட்ரோக் எஞ்சின், குறைஞ்ச ஆர்பிஎம்ல இருந்தே இழுக்கணும், அதுதான் இதோட குணம். ஆனா போர்ட்டிங்னு குடுத்தா பல பட்டறையில என்ன பண்றாங்க? டை கிரைண்டரை எடுத்து ஓட்டையை அகலமாக்கி, உள்ள பளபளன்னு பாலிஷ் போட்டுக் குடுத்துடறாங்க. பாக்க அழகா இருக்கு, வண்டி முன்னைவிட மந்தமாயிடுது. எனக்கு இதைப் பாத்தா வயிறு எரியுதுங்க. எடுத்த அலுமினியத்தைத் திரும்ப வைக்க முடியாது.

ஏன் மந்தமாகுதுன்னு கணக்காவே பாத்துருவோம். 5000 ஆர்பிஎம்ல காத்தை உள்ள இழுக்கற ஒரு இன்டேக் ஸ்ட்ரோக்குக்குக் கிடைக்கிற நேரம் 6 மில்லி செகண்ட். பிஸ்டன் சராசரியா நொடிக்கு 15 மீட்டர் போகுது. பிஸ்டனோட பரப்பு, 24 எம்எம் மிக்கார்ப் கார்ப்பரேட்டர் வாயைவிட எட்டரை மடங்கு. அப்போ அந்த வாய்ல காத்து நொடிக்கு 125 மீட்டருக்கு மேல போகணும், அதாவது மணிக்கு 450 கிலோமீட்டர்! அந்த வேகத்துல வர்ற காத்துக்கு ஒரு உந்துதல் இருக்கு. பிஸ்டன் கீழ போயிட்டு மேல திரும்பின பிறகும் இன்லெட் வால்வு கொஞ்ச நேரம் திறந்துதான் இருக்கும். அப்பவும் காத்து முட்டி உள்ள நுழையும். அந்த வேகம்தான் நம்ம சொத்து.

நம்ம ஊர் ரோட்டுல புல்லட் 2500 பக்கம்தான் ஓடுது, அங்க அந்த வேகம் பாதிதான். இதுல போய் போர்ட்டை 30 எம்எம் ஆக்கினா, அந்த எடத்துல வேகம் இன்னும் மூணுல ஒரு பங்கு குறையும். மடையை அகலமாக்கினா தண்ணி மெதுவாப் போற கதைதான். மெதுவா வர்ற காத்தை, மேல ஏர்ற பிஸ்டன் கார்ப்பரேட்டர் பக்கமே திருப்பித் தள்ளிடும். பிக்கப் போச்சு.

சரி, எங்கதான் கை வைக்கறது? இந்தப் பக்கமா விரலை விட்டுக் காட்டறேன், பாருங்க. சீட் வளையம் முடிஞ்சு அலுமினியம் தொடங்கற எடத்துல நகம் டக்குனு தட்டுது. ஒரு படி மாதிரி இருக்கு. காத்து திரும்பற எடத்துலயே இந்த முட்டு. இதை எடுத்து, வளையத்துல இருந்து கிண்ணம் மாதிரி வழுவழுன்னு எறக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. கழுத்தோட (வளையத்துக்குக் கீழ குறுகற எடம்) விட்டம் வால்வு விட்டத்துல 85-ல இருந்து 90 சதவீதம் இருந்தாப் போதும், அதுக்கு மேல போகாதீங்க. அப்புறம் உள் வளைவு, அதாவது காத்து குறுக்கால திரும்பற பக்கம். அதோட கூர் முனையை மட்டும் உருட்டி விடுங்க, பள்ளமா வெட்டிடாதீங்க. வளைவு செங்குத்தாயிட்டா காத்து சுவரை விட்டு விலகிடும். வால்வு தண்டு ஓடற கைடைச் சுத்தி இருக்கற குமிழை ரெண்டு பக்கமும் ஒல்லியாக்கலாம், ஆனா கைடுக்குப் பிடிமானம் போற அளவுக்கு வேண்டாம்.

பர் (கிரைண்டர்ல மாட்டற செதுக்கற முனை) போடும்போது ஒரு பழைய வால்வை சீட்ல உக்கார வச்சுக்கோங்க, கை வழுக்கினாலும் சீட் தப்பிச்சுடும். அலுமினியம் பர் பல்லுல அப்பிக்கும், மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டுப் பண்ணுங்க. கடைசியா இன்லெட்ல 80 நம்பர் எமரியோட நிறுத்திடுங்க. கண்ணாடி மாதிரி பாலிஷ் வேண்டாங்க. பெட்ரோல் துளி சுவர்ல படலமா ஒட்டிக்கிட்டு ஓடும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தாத்தான் திரும்பக் காத்தோட கலக்கும். எக்ஸாஸ்ட்டுக்கு பாலிஷ் போடுங்க, கரி ஒட்டாது.

சீட் கட்டிங்ல மூணு கோணம்: 30, 45, 60 டிகிரி. நடுவுல 45 பட்டைதான் வால்வு தொடுற எடம். எக்ஸாஸ்ட்ல அந்தப் பட்டை கொஞ்சம் அகலமா இருக்கணும், வால்வு சூடு அது வழியாத்தான் ஹெட்டுக்கு எறங்குது. லேப்பிங் (வால்வை சீட்ல பேஸ்ட் போட்டுத் தேய்க்கறது) முடிச்சு, ப்ளூங்கற நீல மை தடவிப் பாருங்க, வளையம் முழுக்க அறுபடாம பதியணும்.

பலன் கிடைச்சுதான்னு எப்படித் தெரியும்? இங்கிலாந்துல ஹாரி வெஸ்லேக்ங்கற எஞ்சினியர் ஹெட் வழியா காத்தை விட்டு அளந்து பாத்துதான் ஆஸ்டின் ஏ சீரிஸ், ஜாகுவார் எக்ஸ்கே கார் எஞ்சின் ஹெட்டுங்களுக்கு வடிவம் குடுத்தார். நம்ம வீட்டு வாக்குவம் கிளீனரும், தண்ணி ஊத்தின யூ வடிவ டியூபும் போதும், முன்ன-பின்ன ஒப்பிடறதுக்கு. வால்வை ஒவ்வொரு எம்எம்மா திறந்து, தண்ணி மட்ட வித்தியாசத்தை எழுதுங்க. வால்வு விட்டத்துல கால் பங்கு தூக்கிட்டா, வால்வைச் சுத்தி இருக்கற இடைவெளியும் வால்வு பரப்பும் சமமாயிடும். அதுக்கு மேல போர்ட்தான் கட்டுப்படுத்தும். அதனால குறைஞ்ச லிஃப்ட்ல, அதாவது வால்வு கொஞ்சமா தூக்கியிருக்கும்போது வர்ற முன்னேற்றத்தைத்தான் நான் பெருசா மதிக்கறேன். சீட்டும் கிண்ணமும் சரியா இருந்தா அங்கதான் தெரியும்.

ஹெட்டை மாட்டினதும், கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் அளவை முடிவு பண்ற பழைய ஜெட்டோடயே ஓட்டிக்கிட்டு இருக்காதீங்க. காத்து கூடினா பெட்ரோலும் கூடணும். மெயின் ஜெட் ஒரு நம்பர் ஏத்தி, நல்ல லோடுல ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடிச்சு ஆஃப் பண்ணி பிளக்கைக் கழட்டுங்க. வெள்ளையா இருந்தா இன்னொரு நம்பர் ஏத்துங்க. லேசான காப்பி நிறம் வந்துச்சுன்னா அதுல நிறுத்திக்கலாம்.